ஸ்கைலேப் விழுந்த வாரம்

என் வயதுக்காரர்களுக்கு அந்த ஜூலை மாதம் மறந்திருக்காது. எழுபத்தொன்பதாம் வருடம். ஆகாயத்தில் அமெரிக்காக்காரர்கள் கட்டிவிட்ட ஒரு வீடு கழன்று பூமிமேல் விழப்போகிறது என்றார்கள். எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. வளர்த்த கோழியை எல்லாம் அடித்துத் தின்ற கதை உங்களில் பலரிடம் இருக்கும். நானும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கோழிக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த மற்றதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கோபித்துக்கொள்ள அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

நாங்கள் ஓசூருக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை கிடைத்தது. உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றுகிற வேலை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுட்ட மண் வாசம் உள்ளே வரும். குளித்து முடித்த பிறகும் காதுமடலின் பின்னால் கறுப்பு அப்பியிருக்கும். அம்மா கட்டட வேலைக்குப் போனாள். அந்த நாளில் ஓசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கம்பெனிக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் தின்ற அவள் விரல் நுனிகளில் எப்போதும் வெடிப்பு. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லுவாள்.

பத்து வீடுகள் ஒட்டிக் கட்டிய லைனில் கடைசி வீடு எங்களுடையது. தலைக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்பக்கம் ஒரு குழாயடி, அதைத் தாண்டித் தைலமரங்கள். ஜூலையில் ஓசூர் நனைந்த சாக்குபோல இருக்கும். நாள் முழுக்கச் சாரல். தைலமரத்து வாசமும் ஈரக் களிமண் வாசமும் கலந்து வீட்டுக்குள் நிற்கும். எனக்குப் பதினோரு வயது. அக்காவுக்குப் பதினெட்டு.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். எங்கள் சொந்தபந்தத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அவளை நர்ஸாக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு வெறி. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரின் அறை வாசலில் போய் நிற்பாள். அவர் காபி குடித்து முடிக்கும்வரை நிற்பாள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். அடுத்த வாரமும் நிற்பாள். எத்தனை ஞாயிறு நின்றாள் என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவர் பெங்களூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதக் கடைசியில் பதில் வந்தது. ஜூலை ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. வெள்ளைப் புடவை, போர்வை, கொசுவலை, எனாமல் தட்டு, டம்ளர், விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். இந்த விநாடி முள்ளில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள். கடைசியில் சாமல்பட்டியில் ரயில்வே வேலையில் இருந்த மாமா தன் கையிலிருந்த கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தார். பெரிய ஆம்பிளைக் கடிகாரம். அக்காவின் மணிக்கட்டில் வளையல்போல மேலும் கீழும் போனது. அம்மா புடவைகளின் ஓரத்தில் சிவப்பு நூலால் அக்காவின் பேரெழுத்தைத் தைத்தாள். வெடித்த விரலில் நூல் மாட்டிக்கொள்ளும். இழுத்து எடுத்துவிட்டு மறுபடி தைப்பாள். குழாயடியில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எம் பொண்ணு நர்ஸு வேலைக்குப் போவுது" என்பாள். போய்ப் படிக்கத்தான் போகிறாள் என்று அக்கா திருத்துவாள். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

ஸ்கைலேப் பேச்சு முதலில் பள்ளிக்கூடத்தில்தான் கிளம்பியது. எங்கள் அறிவியல் வாத்தியார் கரும்பலகையில் ஒரு பீப்பாய் வரைந்து அதற்கு இறக்கை வைத்தார். அந்தப் பீப்பாய்க்குள் மூன்று மூன்று பேராக மூன்று முறை ஆட்கள் போய் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள், சுவரில் பையை மாட்டி அதற்குள் நின்றபடியே தூங்கினார்கள் என்றார். ஒரு சிலந்தியைக்கூடக் கொண்டுபோனார்களாம். எடை இல்லாத இடத்தில் அதற்கு முதலில் திசை தெரியவில்லை, கண்டபடி நூல் விட்டதாம். பிறகு பழகிக்கொண்டு ஒழுங்காக வலை பின்னியதாம். எனக்கு அந்தச் சிலந்தியை மிகவும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்புறம் அந்தச் சிலந்தியைத் திருப்பிக் கூட்டியாந்தாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் நிலாவில் மனிதன் இறங்கியதையே எங்கள் லைனில் பாதிப்பேர் நம்பியிருக்கவில்லை. இது விழும் என்றதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள். எழுபது டன்னுக்குமேல் எடை, விழும்போது சிதறும், எந்த நாட்டின்மேல் சிதறும் என்று சொல்ல முடியாது என்று டீக்கடை ரேடியோவில் வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, "மேலிந்த ஏனோ பீளுத்தந்தே" என்றாள். மேலே இருந்து என்னவோ விழப்போகிறதாம். பிறகு அவள் பாதித் தமிழில், "பெங்களூர் மேலதான் விழுமாம். பெரிய ஊராப் பார்த்து விழுமாம்" என்றாள். அம்மா முகம் சுளித்தாள். "அது என்ன, ஊரு பேரு பார்த்தா விழும்?"

சாமியார் பூசையில் பயப்பட வேண்டாம் என்றார். பூமியில் பெரும்பகுதி கடல், அதனால் கடலில் விழத்தான் வாய்ப்பு அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். ஆனாலும் அன்று பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை பெரிய வெள்ளிக்குமுன் நிற்கிற வரிசையைவிட நீளம். அது ஜூலை எட்டாம் தேதி, ஞாயிறு. மறுநாள் அக்கா பெங்களூர் போக வேண்டும். தகரப்பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. அம்மா வழிக்குப் புளிச்சோறு கிளறப் புளி ஊறவைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தைலமரத்தடியில் அப்பாவும் அக்காவும் நின்றிருந்தார்கள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கெஞ்சினாள். அவர் லைன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் தலையில் கையை வைத்தார்.

நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, அப்பா அக்காவைப் போவ விட மாட்டேங்கறாரு. அக்கா அழுவுது" என்றேன்.

இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். முதலில் சொன்னவள் நான்தான்.

அப்பா உள்ளே வந்தார். கால் கழுவவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்பா போவ வேணாம். அது விழுந்து முடியட்டும். அப்புறம் நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

"பத்து மணிக்குள்ள வரச்சொல்லிக் காயிதம் போட்டிருக்காங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளு. என்ன ஆயிடப் போவுது?"

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? சாமியாரு சொன்னதைக் கேட்டல்ல? கடல்ல விழும்னாரு."

"விழாட்டி? அது அங்க ஒண்டியா, நாம இங்க. சாவறதுன்னா எல்லாரும் ஒண்ணா சாவலாம்."

அம்மா முதலில் கத்தினாள். பிறகு கெஞ்சினாள். எந்தச் சண்டையிலும் அவள் அப்பாவிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "நான் அந்த வாசல்ல எத்தினி நாளு நின்னேன் தெரியுமா உனக்கு?" என்றாள். அக்கா மூலையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்டி, போறேன்னு" என்றாள். அக்கா வாய் திறக்கவில்லை. பயந்த பெண், அப்பா பேச்சை மீறமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை லைன் முழுக்கத் திருவிழாபோல இருந்தது. நாளைக்கென்று எதையும் எடுத்துவைக்க யாருக்கும் மனமில்லை. கன்னடக்கார அத்தை ஒப்பட்டு, அதாவது போளி, தட்டினாள். நெய்யும் வெல்லமும் கருகுகிற வாசம் பத்து வீட்டுக்கும் போனது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே முட்டைக்கோழியை அப்பா அறுத்தார். அக்கா குழம்பு வைத்தாள். களியும் கோழிக்குழம்பும். நான் வயிறு முட்டத் தின்றேன். அம்மா ஒரு வாய்கூட வைக்கவில்லை. சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அப்பா ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

அம்மா வாசலில் நின்று கேட்டாள். "ஒண்ணா சாவலாம்னு சொன்னியே. இப்ப எங்க போற?"

அப்பா சாரலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். பதினோரு வயதில் முடியாவிட்டாலும் முப்பதில், நாற்பதில் யோசித்திருக்க வேண்டும். வானம் விழும் என்று நடுங்குகிற மனிதன் பெண்டாட்டி பிள்ளைகளை ஷீட் வீட்டில் விட்டுவிட்டு உலைக்கு முன்னால் போய் நிற்பானா? அப்பா அந்த மூன்று நாளில் ஒருமுறைகூட அண்ணாந்து வானத்தைப் பார்த்து நான் காணவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் அவரைப் பயங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட்டோம். ஒரு மனிதரைப் பற்றி வீட்டுக்குள் ஒரு முடிவு வந்துவிட்டால் அப்புறம் அவர் செய்கிற எதையும் யாரும் பார்ப்பதில்லை.

வியாழன் காலையில் டீக்கடை ரேடியோவில் சேதி வந்தது. ராத்திரியே விழுந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் ஓரத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த பக்கமுமாகச் சிதறியிருக்கிறது. ஒருவர்கூடச் சாகவில்லை. லைனில் ஆம்பிளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். கோழி போனதே என்று ஒருத்தர் ஒப்பாரி வைப்பதுபோல் நடித்தார்.

அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். அம்மா தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். துணைக்கு என்று என்னை அனுப்பினாள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கும் நீட்டினார். அவள் வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாவின் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி பெரிய கல் கட்டடம். டெட்டால் வாசமும் மெழுகு போட்டுத் தேய்த்த தரை வாசமும். எங்கள் ஈரக்கால் தடம் தரையில் பதிந்தது. ஒரு வயதான மதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெரிய புத்தகத்தைப் புரட்டினார். அவர் பேசிய தமிழ் மலையாளம் கலந்த தமிழ்.

"ஒம்பதாம் தேதி வரணும்னு எழுதியிருந்தோமே. இன்னைக்கு பன்னெண்டு."

"ஸ்கைலேப் விழுதுன்னாங்க மதர்" என்றார் அப்பா. "அதான்… விழுந்ததும் கூட்டியாரலாம்னு…"

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. மதர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம்வரை பார்த்தோம், வரவில்லை என்றதும் அடுத்துக் காத்திருந்த பெண்ணைச் சேர்த்துக்கொண்டோம், இனி இந்த வருடம் இடம் இல்லை என்றார்.

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். "நான்தாங்க மதர் விடலை. தப்பு எம்மேல. பொண்ணு மேல ஒண்ணும் இல்லீங்க. அது அன்னைக்கே வரேன்னுதான் சொல்லுச்சு. அத மட்டும் மனசுல வச்சுக்குங்க. அடுத்த வருசம் பொண்ணு மேல தப்பா எழுதிடாதீங்க."

"அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடுங்க" என்றார் மதர்.

அடுத்த வருடம் எழுதிப் போடவில்லை. அம்மா மறுபடி சாமியார் வாசலில் போய் நிற்க மறுத்துவிட்டாள். நான்கு மாதம் கழித்து அக்கா மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கடிகாரத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தோம். வெள்ளைப் புடவைகளுக்கு அம்மா கத்தரிப்பூ நிறச் சாயம் போட்டாள். சிவப்பு நூல் எழுத்து மட்டும் சாயத்துக்குள்ளும் தெரிந்தது. ஒருநாள் உட்கார்ந்து அவளே அதைப் பிரித்தெடுத்தாள்.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவைப் பேர் சொல்லாமல் "வானம் விழுந்த ஆளு" என்றே குறிப்பிட ஆரம்பித்தாள். "வானம் விழுந்த ஆளு சாப்பிடுச்சா?" என்பாள். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சோறு போடுவாள், துணி துவைப்பாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போடுவாள். ஆனால் அந்தப் பேரை விடவில்லை. வானத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் வீட்டில் சட்டென்று பேச்சு நின்றுவிடும். எண்பத்து நான்கில் நம் ஆள் ஒருவர் ரஷ்யாக்காரர்களோடு விண்வெளிக்குப் போய் அங்கிருந்து பேசியபோது லைனில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. அப்பா மட்டும் வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து செருப்பு கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு விண்கலம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வெடித்து ஏழுபேரும் போனார்கள். அதில் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் இருந்தார். நான் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். அப்பா அன்று எழுந்து போகவில்லை. "அந்த டீச்சரம்மாவுக்குப் புள்ளைங்க இருக்குதா, பாரு பாப்பா" என்றார். இருக்கிறது என்றேன்.

அக்காவை மத்தூரில் கட்டிக் கொடுத்தோம். நல்ல மனிதர், லாரி ஓட்டினார். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் ஒரு விபத்தில் போய்விட்டார். முப்பத்தாறு வயதில் அக்கா பிள்ளைகளோடு ஓசூருக்கே திரும்பி வந்து, மறுபடி அதே கம்பி சுற்றும் வேலைக்குப் போனாள். மெல்லிய செம்புக் கம்பியை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அவள் கண் மங்கியது. அவள் வந்து சேர்ந்த வாரம், அப்பா அவள் பிள்ளைகளுக்கென்று ஒரு பழைய மூன்றுசக்கர சைக்கிளைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. எங்கிருந்தோ எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"நீங்க மட்டும் அன்னைக்கு விட்டிருந்தா அக்கா இப்பிடி வந்து நிப்பாளா? கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்திருப்பா. உங்க பயத்துக்கு அவ வாழ்க்கையே போச்சு" என்றேன்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும். பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

அப்பா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா பாப்பா" என்றார். அவ்வளவுதான். மறுபடி ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் ஒன்பது வருடம் இருந்தார். நான் பண்டிகைக்குப் போவேன், பலகாரம் கொடுப்பேன், பிள்ளைகளைக் காலில் விழச் சொல்லுவேன். உட்கார்ந்து பேசியதில்லை. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய்க் கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் வாரம் ஒருமுறை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் வந்தேன். அவர் போன இரண்டு வருடத்தில் அம்மாவும் போனாள். இருவரையும் ஓசூர்க் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆகஸ்டில் நம் விண்கலம் நிலாவில் இறங்கியதே, அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டில் இருந்தாள். முட்டிக்குத் தைலம் தடவியபடி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். டி.வி.யில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இறங்கிவிட்டது என்றதும் அந்தப் பெரிய கூடத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

அக்கா டி.வி.யைப் பார்த்தபடியே, "இந்தப் புள்ளைங்கல்லாம் எந்தெந்த ஊரோ. மொதமொத வீட்டை விட்டுப் போவும்போது அழுதிருக்கும்ல?" என்றாள்.

"அழாமயா?"

"அழுதுட்டும் போச்சுங்க பாரு." இன்னொரு முட்டிக்கும் தைலம் தடவினாள். பிறகு, "நான் போவலை" என்றாள்.

"நீ எங்க போவலை? அப்பா விடலை."

"அப்பா விடாம இல்ல, பாப்பா."

நான் டி.வி. சத்தத்தைக் குறைத்தேன்.

"அன்னைக்குத் தைலமரத்துக்கிட்ட நீ பார்த்த. நான்தான் அவருகிட்ட அழுதேன். போவ மாட்டேன்னு அழுதேன். அந்த ஸ்கைலேப்பு மேலல்லாம் எனக்குப் பயம் இல்ல. அங்க யாரும் தெரியாது, அவ்ளோ பெரிய ஊரு, ராத்திரி யாரோட தூங்கறதுன்னு பயம். ரெண்டே ரெண்டு நாளு வீட்ல இருந்துட்டுப் போறேன்னேன். அம்மாகிட்ட சொன்னா கொன்னுடுவா. எத்தினி நாளு அந்த வாசல்ல நின்னா… அதனால நீங்களே வேணாம்னு சொன்னதா சொல்லிடுங்கப்பான்னு கையப் புடிச்சிக்கினேன். அவரு மாட்டேன்னாரு. போ பாப்பா, போனா சரியாயிடும்னாரு. நான் விடலை."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி ஒருதடவை சொல்லப் போனேன். அப்பா தடுத்துட்டாரு. உங்கம்மா எம்மேல கோவப்பட்டா நாலு வார்த்தை திட்டிட்டுச் சோறு போட்டுடுவா, உன்னாலன்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவா, வுடுன்னாரு. அப்பிடியே வுட்டேன். நீ அவரைத் திட்டின அன்னைக்கு அடுப்படியில நின்னுக்கினு இருந்தேன். வெளிய வந்து சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். கால் வரலை." அவள் தைலப் புட்டியின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள். "படுக்கையில இருக்கும்போதும் கேட்டேன், தங்கச்சிகிட்டயாவது சொல்லிடறேன்பான்னு. அவளுக்கு எம்மேல இருக்கற கோவம் பழகிப்போச்சு, உம்மேல புதுசா எதுக்குன்னாரு."

இருவரும் அழவில்லை. அழுதால் எளிதாக முடிந்துபோயிருக்கும். என் பேரன் ஓடிவந்து நிலாவில் இறங்கியதைத் திரும்பப் போடச் சொன்னான். போட்டேன். அக்கா எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்று ராத்திரி நிறைய வந்தது. அப்புறம், முதலில் போய் அம்மாவிடம் சொன்னது யார் என்பதும் நினைவு வந்தது.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் போவதற்கு முன்னால், காலையிலேயே தனியாகப் போனேன். தோட்டத்தில் புல் வெட்டுகிறவரைத் தவிர யாரும் இல்லை. அப்பாவின் சிலுவையைத் துடைத்தேன். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. பஸ்ஸில் வரும்போது சொல்லவேண்டியதை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோதுதான் பக்கத்தில் அம்மா இருப்பது உறைத்தது. ஒரு முழம் தள்ளித்தான் அவள் கல்லறை. இத்தனை வருடம் அவர் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை நான் வந்து ஏன் போட்டு உடைக்க வேண்டும்?

அவர் பக்கமாக நன்றாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். மண்ணில் வாய் படுகிற அளவுக்குக் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி மெல்ல, "தப்பு எம்மேலதாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.